மாப்பிள்ளைக்கு என்ன குறை?

"குதிரை வயித்துக்குப் போக வேண்டிய கொள்ளு எந்த வயித்துக்குய்யா போகுது?"

லாயத்து வாசலில் நின்று முதலாளி போட்ட சத்தத்தில், கீழே மேய்ந்துகொண்டிருந்த புறாக்கள் எல்லாம் கூரைக்கு ஏறிவிட்டன. குதிரைக்காரருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பதினொரு வருடமாக இதே லாயத்தில் லத்தி அள்ளுகிறார். ஒரு பிடி கொள்ளைக்கூட வீட்டுப் பக்கம் கொண்டு போனதில்லை.

"ஐயா, வார்த்தையை அளந்து பேசுங்க. திருடித் திங்கறவன் எதுக்கு விடியறதுக்கு முன்னாடி எழுந்து கொள்ளு வேகவைக்கிறான்?"

"அப்போ மூணு போட்டியா ஏன் இப்படி ஆடி அசைஞ்சு நடக்குது? கூட்டத்துல ஒருத்தன், 'சார், உங்க குதிரைக்குத் தலகாணி வேணுமா'ன்னு கேக்கறான். என் மானமே போகுது!"

வேறு நாளாக இருந்திருந்தால் குதிரைக்காரருக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

குதிரையோ இது எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் வைக்கோலை மென்றுகொண்டிருந்தது. பிறவியிலேயே நிதானம். வேளை தவறாமல் சாப்பிடும், எதற்கும் அவசரப்படாது, தடவிக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொள்ளும். அதனால்தான் குதிரைக்காரர் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்.

"கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும்னு சும்மாவா சொன்னாங்க?" முதலாளி விடுவதாக இல்லை. "நான் எதுல குறை வச்சேன்? ஓட்ஸை ரெண்டு மடங்காக்கினேன். டப்பா டப்பாவா சத்து மாவு வாங்கிப் போட்டேன். சேணத்தை லேசானதா மாத்தினேன். முதுகுல பாரம் குறையட்டும்னு என்னென்ன செய்யலாமோ அத்தனையும் செஞ்சாச்சு. மிச்சம் இருக்கறது நீ ஒருத்தன்தான். இப்போ டாக்டரம்மா வருவாங்க. தீனி பத்தலைன்னு அவங்க ஒரு வார்த்தை சொல்லட்டும், இன்னைக்கே பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிடு."

குதிரைக்காரருக்கு வீடு என்று இருந்ததே லாயத்தை ஒட்டிய ஒற்றை அறைதான். ஐம்பது தாண்டிய ஆளை, அதுவும் தீனித் திருடன் என்ற பட்டத்தோடு வருகிறவரை, எந்த லாயத்தில் சேர்ப்பார்கள்? அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

முதலாளியின் மகள் கையில் தொப்பியோடு வந்து நின்றாள். போட்டிகளில் மாப்பிள்ளையை ஓட்டுவது அவள்தான்.

"மாமா அப்படிப்பட்டவர் இல்லப்பா..."

"நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது."

டாக்டரம்மா வந்தார். ஊரில் பாதி மாடுகளும் எல்லாக் குதிரைகளும் அவர் கைபட்டவை. ஈறைப் பார்த்தார், விலாவைத் தடவினார், லத்தியைக் குச்சியால் கிளறினார். முதலாளி கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தீனி ஒழுங்காத்தான் போயிருக்கு. இதுக்கு மேல போட்டா வயித்துவலிதான் வரும்."

"கேட்டீங்களா ஐயா?" என்றார் குதிரைக்காரர்.

முதலாளி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "அப்போ கொழுப்புதான். சுறுசுறுப்பு வர்றதுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க மேடம்."

"முதல்ல ஓட்டிக் காட்டச் சொல்லுங்க."

மகள் ஏறினாள். மாப்பிள்ளை மைதானத்தில் அன்னநடை போட்டது. தாண்ட வேண்டிய கட்டை வந்ததும் வேகத்தைக் குறைத்தது, நின்றது, அப்புறம் மெதுவாக அதைச் சுற்றிக்கொண்டு போனது. முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். இறங்கிய மகளிடம் டாக்டரம்மா தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். அவள் தரையைப் பார்த்தபடி பதில் சொன்னாள்.

"இப்போ நீங்க ஏறுங்க," என்றார் டாக்டரம்மா, குதிரைக்காரரிடம்.

"நானா? எண்பது கிலோம்மா! கட்டை தாண்டியே பல வருஷம் ஆச்சு."

"பரவாயில்ல, ஏறுங்க."

ஏறி உட்கார்ந்து ஒரு தட்டுத்தான் தட்டினார். மாப்பிள்ளை பிய்த்துக்கொண்டு கிளம்பியது. முதல் கட்டை, இரண்டாவது, மூன்றாவது என்று எதையும் விட்டுவைக்கவில்லை. குதிரைக்காரர் பிடரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குலதெய்வத்தையெல்லாம் கூப்பிட்டார். இறங்கும்போது அவருக்குத்தான் மூச்சு வாங்கியது.

"பாத்தீங்களா மேடம் இவன் வேலையை!" முதலாளியின் முகம் சிவந்தது. "இவன் ஏறினா பறக்குது, என் பொண்ணு ஏறினா படுத்துக்குது! வேணும்னே அப்படிப் பழக்கி வச்சிருக்கான்! உண்ட வீட்டுக்கே ரெண்டகம்!"

குதிரைக்காரர் கடிவாளத்தைத் தரையில் வீசினார்.

"போதும்யா! திருடன்னீங்க, பொறுத்துக்கிட்டேன். அந்தப் புள்ளைக்குக் கெடுதல் பண்ணினேன்னு சொன்னா பொறுக்க மாட்டேன். நீங்க அனுப்ப வேண்டாம், நானே போறேன்."

டாக்டரம்மா இருவரையும் பார்க்காமல் மளமளவென்று எழுதி, தாளைக் கிழித்து முதலாளியிடம் நீட்டினார். முதலாளி உரக்கப் படித்தார்.

"காலையில ரெண்டு முட்டை, ஒரு டம்ளர் பால். மத்தியானம் வயிறு நிறையச் சோறு. ராத்திரியும் அதே மாதிரி. ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது..." அவர் நிமிர்ந்தார். "என்ன மேடம், விளையாடறீங்களா? குதிரை எங்கேயாவது முட்டை தின்னுமா?"

"இது உங்க பொண்ணுக்கு," என்றார் டாக்டரம்மா. "பாரம் குறையட்டும்னு புள்ளையைப் பட்டினி போட்டிருக்கீங்க. மேல ஏறினதுமே அவளுக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வருது. அவ சாயற போதெல்லாம், கீழே விழுந்துடக் கூடாதேன்னு இந்த வாயில்லா ஜீவன் நின்னு நின்னு தாங்கிக்கிட்டுப் போகுது!"