கடைசி நாற்காலி

தெருவின் பொங்கல் விளையாட்டில் கடைசியாக மிஞ்சியது ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. பாட்டுக்கு அதைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தவர்கள் பவளக்கொடியும் அவளுடைய நாத்தனார் சுலோவும்தான்.

"எதுக்கு இன்னும் ஓட விடுறீங்க? எங்க மருமக தங்கம். தானா விட்டுக்குடுத்துருவா," என்றாள் மாமியார். அந்தப் பேருக்காகவே ஜன்னலோரச் சீட்டு, மீன் தலை, மாடி அறை என்று கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து வந்தவள் பவளக்கொடி.

"அண்ணி, நான் உக்காந்துக்கிறேன், சரியா?" சுலோ கண்ணடித்தாள். பவளக்கொடியும் பழக்கத்தில் தலையாட்டிவிட்டாள்.

பாட்டு நின்றது. எப்படிப் பாய்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சுலோ வந்து விழுந்தது அவள் மடியில்! கூட்டம் விசிலடித்தது.

"அடிப்பாவி, என்னடி இது?"

"ஜெயிச்சுட்டேன் அத்தை!" அவளுக்கு மூச்சு வாங்கியது.

சுலோ முகத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள். "சரி சரி, போய்ப் பரிசை வாங்கு. கால் வலிக்குது, நான் உக்காரணும்," என்றபடி மாமியார் நாற்காலியை நெருங்கினாள்.

பவளக்கொடி நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பரிசை சுலோவையே வாங்கிக்கச் சொல்லுங்க அத்தை. நான் இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கேன்."