உறை இருந்த இடம்

வீட்டம்மாவின் கணினித் திரையில் கடித உறைப் படமும் குப்பைக்கூடைப் படமும் அருகருகே குடியிருந்தன. ஒவ்வொரு அப்டேட்டிலும் உறை இளைத்துக்கொண்டே வந்தது. முதலில் தபால்தலை போனது, பிறகு நிழல், பிறகு மடிப்பு.

“இன்னொரு தடவை வந்தா வெறும் வெள்ளைக் கட்டம்தான் அக்கா. வீட்டம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியுமா?” என்றது உறை.

“எனக்கும்தான் மூடி போச்சு. சாமி புண்ணியத்துல அழகாயிட்டோம்னு நினைச்சுக்கோடி,” என்றது கூடை.

மவுஸ் அம்பு வந்து உறையை அழுத்தியது.

“பாத்தீங்களா, தெரிஞ்சுடுச்சு,” என்று உறை பூரித்தது.

“உன் முகத்தை நான் பார்த்ததே இல்லை தாயி. எனக்கு இடம்தான் தெரியும்,” என்றது அம்பு.

அடுத்த அப்டேட்டில் உறையைக் காணோம். காலையில் அம்பு வந்து வெறும் இடத்தை அழுத்தியது. கடிதங்கள் எப்போதும்போலத் திறந்தன.

கூடை பயந்துகொண்டே கூப்பிட்டது.

“இங்கேதானே இருக்கேன் அக்கா,” என்றது வெறும் இடம். “உங்களைத்தான் காணோம்.”