கரை சேர்வோர்

படகுத்துறைப் பலகை காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் காட்டும். அதோடு, மாலையில் எந்தப் படகில் எத்தனை பேர் கரை சேர்வார்கள் என்பதையும் காட்டும். யார் யார் என்று காட்டாது. இதுவரை அது தவறியதில்லை.

அன்று காலை பிலோமியின் படகுக்கு நேரே இரண்டு என்று இருந்தது. போகவிருந்தவர்கள் மூன்று பேர்: அவள், கணவன் சூசை, தம்பி இன்னாசி. ஆளில்லாத் தீவுகளில் பாசி எடுக்க வருடத்துக்கு இரண்டே நாள்தான் அனுமதி. போகாமல் இருக்க முடியாது.

“நான் தீவுலயே தங்கிக்கிறேன் மச்சான்,” என்றான் இன்னாசி. “நீங்க ரெண்டு பேரும் திரும்பிட்டா பலகைக்கு மனசு நெறஞ்சிடும். நாளைக்கு வந்து கூட்டிக்கங்க.”

“பயந்துபோய் அக்காவைத் தேடி நீந்தி வந்துடாதடா,” என்றான் சூசை.

அப்படியே செய்தார்கள். ஒரு கேன் தண்ணீரும் போர்வையும் கொடுத்து அவனை மணல்திட்டில் இறக்கிவிட்டு, இருவரும் பத்திரமாகத் திரும்பினார்கள்.

மறுநாள் அவனை அழைத்துவரக் கிளம்பும்போதும் பலகையில் இரண்டுதான் இருந்தது. பிலோமி படகில் வைத்த காலை எடுத்துவிட்டாள்.

“நான் வரலை. நீங்க போய் அவனைக் கூட்டிட்டு வாங்க. அப்ப ரெண்டு பேர்தானே.”

சூசைக்கும் அது சரியென்று பட்டது. “சோறாக்கி வை புள்ள, பசியோட வருவான்,” என்று பாயை ஏற்றினான். நல்ல காற்று. படகு கூப்பிடு தூரம் தாண்டியதும் அவள் திரும்பிப் பலகையைப் பார்த்தாள்.

ஒன்று என்று இருந்தது.