பால் குடிக்கும் அண்ணன்

அன்று காலையில் கன்றுக்குட்டி இரண்டு வாய்தான் குடித்திருக்கும். அதற்குள் கோதண்டம் அதைத் தாயிடமிருந்து இழுத்துக் கட்டினான். மிச்சப் பாலையெல்லாம் குடத்தில் கறந்துகொண்டு ஓடினான். அன்றைக்குப் புதுப்படம் வெளியாகிறது.

தொழுவத்துக்கு எதிரேதான் தியேட்டர். வாசலில் பனைமர உயரத்துக்குக் கதாநாயகனின் கட்-அவுட் நின்றது. கோதண்டம் ஏணியில் ஏறி அதன் தலையில் பாலை ஊற்றினான். கீழே நின்றவர்கள் விசிலடித்தார்கள்.

"ம்மா, அது உன் பால்தானே?" என்றது கன்று.

"ஆமாடா."

"அப்போ அவன் எனக்கு அண்ணனா?"

பசுவுக்குச் சிரிப்பு வந்தது. "அவன் யாரோ. நான் பெத்தது உன்னை மட்டும்தான்."

கன்றுக்கு மனசு ஆறவில்லை. "என்னை இன்னொரு வாய் குடிக்க விடல. அவனுக்கு மட்டும் தலையோட ஊத்துறாரு. ஊத்திட்டு அழுறாரு வேற!"

உண்மைதான். கோதண்டம் சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தான்.

கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அந்த அண்ணனை ஒரு முட்டாவது முட்டிவிட வேண்டும். முன்னால் கூட்டம் இருந்ததால் பின்பக்கமாகப் போனது. அங்கே ஒரு பலகையும் அதைத் தாங்கிய மூங்கில்களும்தான் இருந்தன. சுற்றிச் சுற்றி முகர்ந்து பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்பி வந்தது.

"என்னடா, முட்டினியா?"

"இல்லம்மா. அவனுக்கு வயிறே இல்ல."

"அப்புறம் என்ன, விடு." பசு அதன் நெற்றியை நக்கிக் கொடுத்தது.

கன்று கட்-அவுட்டையே பார்த்துக்கொண்டு நின்றது.

"வயிறு இல்லாதவனுக்கே இவ்வளவு ஊத்துறாரு. அப்போ என்கிட்ட என்னம்மா இல்ல?"