ஆயுசுக்கும் குடியிருக்க

"மருமவ நல்லவதான் சாமி. அதுக்காக வாய்ச்சொல்லை நம்பி ஆயுசு பூரா ஒருத்தர் ஊட்டுல குடியிருக்க முடியுமா?"

ஒரு வருடமாக போனில் இதையே சொல்லிச் சென்னியம்மாளுக்குச் சலித்துவிட்டது. மகன் ஜெகதீஸ்வரன் தாய்லாந்துக்கு வேலைக்குப் போய், அந்த நாட்டுப் பெண் சிரிபோனைக் கட்டிக்கொண்டவன். அங்கே வெளிநாட்டுக்காரன் பேரில் நிலம் வாங்க முடியாது என்பதால், வீடு அவள் பேரில் இருந்தது.

"நாளைக்கு ஒரு மனஸ்தாபம்னா தெருவுலதான் நிப்பே. உன் ஆயுசுக்கும் அங்கயே இருக்கலாம்னு பத்திரமா எழுதி வாங்குடா."

"கேக்கறதுக்கே சங்கட்டமா இருக்குதுங்கம்மா."

சித்திரையில் இருவரும் திருச்செங்கோட்டுக்கு வந்தார்கள். மறுநாளே, ஒரு பத்திர வேலை இருக்கிறது என்று அம்மாவைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போனார்கள். அந்த நாட்டு வீட்டுக்கு இங்கே என்ன பத்திரம் என்று அவள் எரிச்சலோடு உட்கார்ந்திருந்தாள்.

"இதுல கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார் பத்திர எழுத்தர்.

"எனக்கெதுக்குங்க? உரிமை வேணுங்கறது எம் பையனுக்கு."

"அதை அவ போன மாசமே பதிஞ்சு குடுத்துட்டாளுங்கம்மா" என்றான் ஜெகதீஸ்வரன். "அப்பத்தான், உங்கம்மா இருக்கற ஊடு யார் பேர்லன்னு கேட்டா. என் பேர்லன்னேன். அப்ப அவங்க கையில என்ன பத்திரம் இருக்குதுன்னு கேட்டா. அதான், உங்க ஆயுசுக்கும் அந்த ஊட்டுலயே இருக்கலாம்னு இந்தப் பத்திரமுங்க."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கணவர் போன கையோடு எல்லாவற்றையும் மகன் பேருக்கு எழுதிக்கொடுத்திருந்த சென்னியம்மாள், கையெழுத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏன்டா, தமிழே தெரியாதவளுக்குத் தோணுனது உனக்குத் தோணலியா?"