எழுப்பாமல் விரிப்பு மாற்றும் பாடம்

வகுப்பு நேரத்தில், நோயாளிக் கட்டிலில், டீச்சர் தூங்கிக்கொண்டிருந்தார்.

சும்மா கண்ணயரவில்லை. அவர் விடுகிற மூச்சுக்கு ஜன்னல் திரை வெளியே போய் உள்ளே வந்தது. மின்விசிறி சுற்றுகிறேன் என்று பேர் பண்ணிக்கொண்டிருந்தது. ஊசி குத்திப் பழகுவதற்காகப் பக்கத்துக் கட்டிலில் போட்டிருந்த ரப்பர் பொம்மைகூட ஒரு கொட்டாவி விட்டதாம். நம்பாவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

அந்த நேரம் பார்த்தா அதிகாரி வர வேண்டும்?

சுகாதாரத் துறையின் பெரிய அதிகாரி. அந்த நர்ஸிங் பள்ளியைச் சோதனை போட வந்திருந்தார். வாயைத் திறந்தால் விதியைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அதனால் அவருக்குத் 'தலைவிதி' என்று ஒரு பட்டப்பெயர்.

"என்ன இது?" என்று வாசலிலேயே நின்றுவிட்டார்.

கூட வந்த பிரின்சிபால் அம்மாவுக்கு வேர்த்தது. "அது வந்து சார்..."

"பாடம் நடத்த வேண்டியவங்க குறட்டை விடறாங்க. இன்னிக்கே இவங்களை வேலையை விட்டு எடுக்கணும். விதின்னா விதி."

முதல் வரிசையிலிருந்து ஒரு வாயாடி எழுந்தாள். "சத்தம் போடாதீங்க சார். பாடம் நடந்துக்கிட்டிருக்கு."

"தூக்கமா பாடம்?"

"ஆமா சார். தூங்கற நோயாளியை எழுப்பாம பெட்ஷீட் மாத்தணும். மேடம் முழிச்சிட்டா எங்களுக்கு முட்டை மார்க்."

இப்படியொரு பாடம் இருப்பது அவள் தோழிகளுக்கே அப்போதுதான் தெரியும்.

"அப்படியா? எங்க, மாத்துங்க பாக்கலாம்."

நான்கு பேர் எழுந்து கை கழுவிவிட்டு வந்தார்கள். கால் தரையில் பட்டதா என்பதே சந்தேகம். டீச்சரை மெல்ல ஒருக்களித்துத் திருப்பினார்கள். பழைய விரிப்பை முதுகோரமாகச் சுருட்டி, புதியதைப் பாதிக்கு விரித்து, அவரை இந்தப் பக்கம் புரட்டி, பழையதை உருவினார்கள். மேகத்துக்கு அடியிலிருந்து இன்னொரு மேகத்தை உருவியதுபோல் இருந்தது.

பாதியில் டீச்சர் வாய் திறந்தார், கண் திறக்காமலே.

"கை கழுவினீங்களா?"

"கழுவியாச்சு மேடம்..." தாலாட்டுபோல் எல்லாரும் சொன்னார்கள்.

அதிகாரி தன் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

புது விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. டீச்சரின் குறட்டையிலும் ஒரு தடங்கல் இல்லை.

"இதையெல்லாம் யார் சொல்லிக்குடுத்தது?" அதிகாரியின் குரலும் தானாக இறங்கிவிட்டது.

"இவங்கதான். எல்லாப் பாடமும் இவங்கதான். வேற டீச்சர் ஏது சார்?"

பிரின்சிபால் அம்மாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "எதுக்கு சார் பொய்? நிஜமாவே தூங்கறாங்க. ராத்திரி பூரா ஆஸ்பத்திரி வார்டு. விடிஞ்சா இங்க வகுப்பு."

"வார்டை விட்டுட்டு முழுநேரமா இங்கயே வந்துடலாமே?"

"வரலாம். வந்தா சம்பளம் குறையும், இத்தனை வருஷ சர்வீஸும் போய் முதல்லேருந்து ஆரம்பிக்கணும். அப்படி ஒரு விதி இருக்கே! அதுக்குப் பயந்துதான் ஒரு நர்ஸும் பாடம் நடத்த வரதில்லை. இவங்க வீட்டுலயும் அடுப்பு எரியணுமில்ல? கேட்டா, 'நாளைக்கு நமக்கு ஊசி குத்தப்போறது இதுங்கதானே, யாராவது ஒழுங்கா சொல்லிக்குடுக்க வேண்டாமா'ன்னு சிரிப்பாங்க. இவங்களையும் எடுத்துட்டா, பள்ளியைப் பூட்டி சாவியை உங்க கையில குடுத்துட வேண்டியதுதான்."

"எந்தப் புண்ணியவான் எழுதின விதியோ!" என்றாள் வாயாடி.

திரை வெளியே போனது, உள்ளே வந்தது. அதிகாரி குனிந்து, ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம் சார், எழுப்பிடறேன். ஒரு வார்த்தை அவங்ககிட்டயே..." என்றார் பிரின்சிபால் அம்மா.

"ஐயோ, வேண்டாம்மா!" என்று கிசுகிசுத்தார். "இந்த விரிப்பை மாத்தின மாதிரி அந்த விதியையும் மாத்திட்டு வரேன், அப்ப எழுப்புங்க. இப்ப கண்ணைத் திறந்தாங்கன்னா, அதை எழுதினவன் மூஞ்சியிலதான் முழிக்கணும்."