படம் தெளியும் வரை

"இன்னும் சுத்திக்கிட்டேதான் இருக்குதுடா" என்றார் வெங்கடாசலம்.

உப்பளத்து மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்த அவர் போனில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. வட்டத்துக்குப் பின்னால் ஒரு படம். வெள்ளைத் தரை. அதன் மேல் கறுப்பாக ஏதோ கிடந்தது. பனி படிந்த கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி ஒரே மங்கல். தலைப்பு மட்டும்தான் தெளிவாக இருந்தது. அதை இன்னொரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

'மரக்காணம் உப்பளத்தில் முதியவர் சடலம்.'

"போன வாரம் வரைக்கும் தொட்டா செய்தி வரும். எழுத்தும் கொட்டை கொட்டையா இருக்கும். எந்தப் புண்ணியவான் மாத்தினானோ, இப்ப தொட்டா நகைக்கடை வருது. அதைத் தள்ளினா, புதுச் செய்தி வந்தா மணி அடிக்கட்டுமான்னு கேக்குது. வேணாம்னு சொன்னா கோவிச்சுக்கிட்டு மொதல்லேருந்து சுத்துது."

மோட்டார் போடுகிற சாலமன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி நீட்டினான். "இங்க டவரே ஒரு கோடுதாண்ணே. பொறுமையா இருங்க."

"என்னத்தப் பொறுமை? அந்தத் தலைமாட்டுல பாரு. பச்சையா ஒண்ணு தெரியுதா?"

"ஏதோ தெரியுது."

"துண்டு. பச்சைத் துண்டு. இந்த உப்பளத்துல பச்சைத் துண்டு கட்டறவன் எவன்?"

வடக்குப் பாத்திக் காவல்காரன் தட்சணாமூர்த்தியைச் சொல்கிறார் என்று சாலமனுக்குத் தெரியும். வெங்கடாசலத்தின் மனைவி ஆராயிக்குக் கூடப்பிறந்த தம்பி. தன் மகள் கல்யாணப் பத்திரிகையைத் தட்டில் வைத்து வீடு தேடி வராமல், பஸ் ஸ்டாண்டில் வண்டியை விட்டு இறங்காமலேயே நீட்டியவன். அன்றோடு பேச்சு நின்றது. ஏழு வருஷம்.

"ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமேண்ணே."

"அவன் நம்பரை எப்பவோ அழிச்சுட்டேன்."

"ஆராயி அக்காகிட்ட இருக்கும்ல?"

"அவகிட்ட கேட்டா இப்பவே ஒப்பாரி வச்சு ஊரைக் கூட்டுவா. மொதல்ல நான் பாக்கணும். வண்டி மேல குந்திக்கிட்டுப் பத்திரிகை நீட்டின மூஞ்சி எப்படிக் கெடக்குதுன்னு பாக்கணும்."

"சாவுல போய் என்னண்ணே இது. டீ ஆறுது, குடிங்க."

"வை அங்க. அவன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் டீ."

மோட்டார் நின்றிருந்தது. மாசிப் பனி உப்பளத்தின் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தது. விடிந்தும் வெளிச்சம் இல்லை. எது வானம், எது உப்பு என்று பிரித்துச் சொல்ல முடியாத வெள்ளை. ஒரு கொக்குகூடக் கத்தவில்லை.

நொறுக்.

வெங்கடாசலம் தலையைத் தூக்கினார்.

நொறுக். நொறுக்.

"என்னடா சத்தம்?"

"உப்பு உடையுதுண்ணே" என்றான் சாலமன். அவன் குரல் இறங்கிவிட்டது. "யாரோ பாத்திக்குள்ள நடக்கறாங்க."

"பாத்திக்குள்ள எவன்டா நடப்பான்?"

நடக்க மாட்டார்கள். உப்பு பூத்துக் கிடக்கும் பாத்தியில் உப்பளத்துக்காரன் எவனும் கால் வைக்க மாட்டான். வீடு பற்றி எரிந்தாலும் வரப்பைச் சுற்றித்தான் ஓடுவான். சின்ன வயசிலிருந்து காலே அப்படிப் பழகிவிடும். வரப்பு தெரியாமல் நேராக வருவதென்றால் அது மனுஷனாக இருக்காது என்று அங்கே சொல்வார்கள்.

சத்தம் வடக்கிலிருந்து வந்தது.

வெங்கடாசலம் போனைப் பார்த்தார். வெள்ளை. நடுவில் மங்கலாகக் கறுப்பு. கறுப்பின் தலைமாட்டில் பச்சை.

நிமிர்ந்து எதிரே பார்த்தார். வெள்ளை. நடுவில் மங்கலாகக் கறுப்பு. கறுப்பின் தலைமாட்டில் பச்சை.

போனில் இருந்தது அசையவில்லை. எதிரே இருந்தது அசைந்தது.

"ஏசப்பா" என்று சாலமன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

வெங்கடாசலத்துக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நொறுக், நொறுக் என்று அது நேராக அவரைப் பார்த்தே வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. முதலில் துண்டு. அப்புறம் தோள். அப்புறம் தட்சணாமூர்த்தியின் முகம். அழுத முகம்.

"நான் ஒண்ணும் பண்ணலடா" என்றார் வெங்கடாசலம். "நீ போயிடு."

"மாமா" என்றது அது.

குரல் இரைத்தது. பேய்க்கு மூச்சு வாங்காது. சாலமன்தான் முதலில் எழுந்து போய்க் கையைத் தொட்டுப் பார்த்தான். சூடாக இருந்தது.

தட்சணாமூர்த்தி கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். கையில் போன். அதிலும் அதே மங்கல் படம், அதே வட்டம்.

"காக்கி டவுசர் மாதிரி தெரிஞ்சுது மாமா. நீங்கதான்னு நெனச்சுட்டேன். உங்க நம்பரும் எங்கிட்ட இல்ல. அக்காவுக்குப் போட்டா பதறிடும்."

அதற்குள் சாலமன் போனில் எழுத்து மட்டும் வந்துவிட்டது. "செத்தவரு வெளியூரு போலண்ணே. யாருன்னு தெரியலையாம். பாவம்" என்றான்.

வெங்கடாசலம் தன் காக்கி டவுசரைக் குனிந்து பார்த்தார். பிறகு மச்சானின் காலைப் பார்த்தார். உப்பு கிழித்து இரண்டு பாதமும் ரத்தமாக இருந்தன.

ஏழு வருஷத்துக்கு அப்புறம் மச்சானிடம் அவர் பேசியது இதுதான். "பாத்தியெல்லாம் மிதிச்சு நாசம் பண்ணிட்டியே. கொஞ்சம் பொறுத்திருந்தா போன்லயே தெரிஞ்சிருக்கும்ல?"

"எங்க மாமா பொறுக்கிறது? அது தெளியறதுக்குள்ள என் உசுரு போயிடும் போல இருந்துச்சு. வரப்பச் சுத்தி வரக்கூட மனசு கேக்கல." தட்சணாமூர்த்தி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "நீங்களும் அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்களா?"

வெங்கடாசலம் போனை மடியில் கவிழ்த்து வைத்தார். தலையை நிமிர்த்த முடியவில்லை.

சாலமன் ஆறிப்போன டீயை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

"பின்ன? உங்க மூஞ்சியப் பாக்காம டீ எறங்காதுன்னு காலையிலேருந்து குந்திக்கிட்டு இருக்காருண்ணே" என்றான்.